ஒக காசு போடறேன்

புகார் மனுவில் இருந்தபடி அந்த நபரின் அடையாளம் இது: "வயது முப்பதுக்குள். உயரம் ஏறத்தாழ ஆறடி. கட்டுமஸ்தான உடல். ஓடும் பேருந்தில் பெண்களின் கழுத்து நகைகளை நோட்டமிடுவதில் நீண்ட பயிற்சி உடையவர். தேன் ஒழுகப் பேசி எவரையும் நம்பவைக்கக்கூடியவர். பறித்த கணத்தில் குதித்து ஓடித் தப்பும் வேகம் படைத்தவர். பையில் கூரிய ஆயுதமும், போதைப்பொருள் நிறுக்கும் கருவியும் வைத்திருக்கிறார். இவருக்குப் பின்னால் பெரிய கும்பல் இருக்கக்கூடும்."

அந்த நபர் தனசேகர். புத்தூர்க்காரர். வயது நாற்பத்தொன்பது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், அதுவும் செருப்போடு. இடது முழங்காலுக்குச் சொந்த ஊரிலேயே இரண்டு முறை எலும்புக் கட்டுப் போட்டுக்கொண்டவர் என்பதால் ஓடுவது இருக்கட்டும், பேருந்திலிருந்து இறங்குவதற்கே டிரைவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேன் ஒழுகும் பேச்சைப் பொறுத்தவரை, வாழ்நாளில் எந்தக் கடைக்காரரிடமும் ஒரு ரூபாய்கூடக் குறைத்து வாங்கியதில்லை. கூரிய ஆயுதம் என்பது ஒரு சின்ன இடுக்கி. பின்னால் இருக்கும் கும்பல் என்று பார்த்தால் மனைவி தேவயானி ஒருத்திதான். அவளும் இந்த விஷயத்தில் அவர் பின்னால் இல்லை.

நிறுக்கும் கருவி மட்டும் உண்மை. தனசேகரின் தொழில் எலக்ட்ரானிக் தராசு பழுதுபார்ப்பது. மளிகைக் கடை, வெல்ல மண்டி, நகைக்கடை என்று சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் எந்த ஊரில் தராசு பொய் சொல்கிறதோ அந்த ஊருக்கு அவர் போவார். போய் அதை உண்மை பேசவைத்துவிட்டு, கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார்: "ஊட்ல பழைய காசு எதுனா கீதா?"

இப்படிக் கேட்டே பத்தொன்பது ஆண்டுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு காசுகள் சேர்த்திருந்தார். அவற்றில் முந்நூற்றுப் பன்னிரண்டும் போலி.

இதில் விசித்திரம் என்னவென்றால், போலியைக் கண்டுபிடிப்பதில் அவரைப் போன்ற ஆள் அந்தச் சீமையில் கிடையாது. அடுத்தவர் கையில் இருக்கும் காசை எட்ட நின்றே சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கே ஒரு காசின் மேல் ஆசை விழுந்துவிட்டால், அந்த நொடியில் கண்ணுக்கு உள்ளேயிருந்து யாரோ திரை போட்டுவிடுவார்கள். ராமகுப்பத்தில் ஒரு பட்டுக்கூடு வியாபாரி திப்பு சுல்தான் காசு என்று ஒன்று காட்டினார். பக்கத்துக் கடைக்காரரின் காசைப் போலி என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்த தனசேகர், இதைக் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டார். புத்தூர் வந்து சேர்ந்த பிறகுதான் காசிலிருந்த யானையின் கால்களை எண்ணினார். ஐந்து. தும்பிக்கை தனியாக இருந்தது. குடிபாலாவில் ஒருவர் ராயர் காலத்தது என்று விற்ற காசு, பழசாகத் தெரிவதற்காகச் சாணக் குழியில் புதைத்து எடுக்கப்பட்டிருந்தது. வாடை இன்னும் போகவில்லையே என்று கேட்டதற்கு, "ராயர் காலத்துச் சாணி சார், லேசுல போவாது" என்று பதில் வந்தது. தனசேகர் அதை ஏற்றுக்கொண்டார்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் டூப்பு டூப்புன்னு சொல்லிக்கினு வர்ற, உனுக்குன்னு வாங்கறப்ப மட்டும் கண்ணு அவிஞ்சி பூடுதா?" என்று தேவயானி கேட்பாள். நியாயமான கேள்வி. அதை யோசித்து யோசித்து தனசேகர் ஒரு விதி கண்டுபிடித்திருந்தார். காசைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தால் அது போலி. பத்தொன்பது ஆண்டுகளில் இந்த விதி ஒரு தடவைகூடத் தப்பவில்லை. விதியைக் கண்டுபிடித்த பிறகும் அவர் வாங்குவதை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். ஒரே ஒரு நல்ல காசு. ராயர் காலத்துத் தங்க வராகன் ஒன்று. அது தன் கைக்கு வந்துவிட்டால் மிச்ச முந்நூற்றுப் பன்னிரண்டையும் தூக்கிப் போட்டுவிடுவதாக அவர் தேவயானியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

போன ஆவணி மாதம் ஒரு காலை நேரம், சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பாகாலா தாண்டியதும் காற்றுக்கு எதிர்ச்சீட்டு அம்மாளின் முந்தானை விலகியது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. கழுத்தில் தாலிச் சரடு போகத் தனியாக ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றில் இரண்டு கவரிங் குண்டு. குண்டுகளுக்கு நடுவே பொத்தான் அளவுக்கு ஒரு காசு. காசில் ஒரு வளைவு, வளைவுக்குக் கீழே நிற்கும் வேங்கடேசர்.

தனசேகரின் நெஞ்சு படபடத்தது.

அந்த அம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். அவள் ஜன்னலோரம் நகர்ந்தாள். அவரும் நகர்ந்தார். இதுவரைகூட யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். சந்திரகிரி நெருங்கும்போது அவர் பையிலிருந்து, இடுக்கியும் தராசும் வெளியே எட்டிப் பார்க்க, பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு கண்ணில் வைத்துக்கொண்டதுதான் தப்பாகப் போயிற்று.

"யோவ், எங்கய்யா பாக்கிற?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. குரலுக்குச் சொந்தக்காரர் எழிலரசன். வேலூரிலிருந்து தினமும் திருப்பதிக்கு வந்து ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். ஆட்களை எடைபோடுவதில் தேர்ந்தவர் என்று தம்மைப் பற்றி ஓர் எண்ணம் உடையவர்.

"காசு சார்" என்றார் தனசேகர், கண்ணாடியை எடுக்காமலே.

"ஓஹோ. காசு வேணுமா உனக்கு?"

"ஆமா சார். ரொம்ப நாளா."

அதற்கு மேல் விளக்கம் எவருக்கும் தேவைப்படவில்லை. பேருந்து திருப்பதியைத் தொடும் முன்னே சாலையோரத்தில் ஒரு புறக்காவல் நிலையத்தில் நின்றது. எழிலரசன் ஓடும் பேருந்திலேயே மனுவை எழுதி முடித்திருந்தார். எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்து எழுதினால் மனு எடுபடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சங்கிலி பறிப்பவன் எப்படி இருப்பது முறையோ அப்படி எழுதினார். கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று அதே பேருந்தில் ஏறிப் போய்விட்டார். கழுத்துக்குச் சொந்தக்காரி என்ற முறையில் அந்த அம்மாள் மட்டும் இறங்க வேண்டியதாயிற்று. பெயர் சந்திரம்மா, குடிபாலா பக்கத்துக் கரும்பு விவசாயி வீடு.

ஹெட் கான்ஸ்டபிள் வேங்கடாசலம் மனுவை முழுக்கப் படித்தார். தலை நிமிர்ந்து தனசேகரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஆறடி ஆளு எக்கடய்யா?"

"நான்தான் சார்" என்றார் தனசேகர்.

பை கவிழ்க்கப்பட்டது. பூதக்கண்ணாடி, இடுக்கி, காந்தம், நூல்கண்டு, உள்ளங்கை அளவுத் தராசு, தராசு பழுதுபார்க்கும் உரிமச் சீட்டு. தொழில் என்ன, பழக்கம் என்ன என்று விசாரித்ததில் காசு விஷயம் வெளியே வந்தது. வேங்கடாசலத்தின் முகம் உடனே வேறு முகமாயிற்று. கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பட்டுத்துணி முடிச்சொன்றை எடுத்துப் பயபக்தியோடு அவிழ்த்தார். உள்ளே ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் அனுமார். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818.

"அண்ணா, இது எட்லுந்தி, அசலா டூப்பான்னு பாத்து சொல்லு. இடி விழுந்த செம்புன்னு சொல்லி ஒருத்தன் குடுத்தான். அரிசி வச்சா இழுக்குமாம், கோடி ரூபா போவுமாம். நீ மட்டும் சரியாச் சொல்லிட்டா, இந்த மனு ஒரு மனுவா?"

எதைச் சொன்னால் சரி என்பது குரலிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் தனசேகர் அடுத்த ரயிலில் புத்தூர். அவரோ காசைக் கையில்கூட வாங்கவில்லை.

"டூப்பு சார்."

"ஏமி?"

"இது அடிச்ச காசு இல்ல, வார்த்த காசு. ஓரத்தப் பாரு, இட்லித் தட்டுல மாவு வழிஞ்சாப்ல ஒரு கோடு. எங்க ஊட்ல இது ஏழு கீது சார். ஏழுலயும் அனுமாருக்கு மூக்குல இதே பரு."

வேங்கடாசலம் காசை வெளிச்சத்தில் பிடித்தார். பரு இருந்தது.

"ஒரு வெள்ளிக்கிழமை ரெண்டு அரிசி நகுந்துச்சிய்யா! என் கண்ணால பாத்தேன்!"

"ஃபேன் ஓடிக்கினு இருந்திச்சா சார்?"

தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை ஹெட் கான்ஸ்டபிள் அண்ணாந்து பார்த்தார். பிறகு வேங்கடாசலம் முடிச்சைக் கட்டி உள்ளே வைத்துக்கொண்டு, அண்ணா என்ற சொல்லையும் கூடவே உள்ளே வைத்துக்கொண்டு, "கூர்ச்சோய்யா அங்க, உக்காரு. இன்ஸ்பெக்டர் வரட்டும்" என்றார்.

மூலை பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் சந்திரம்மா. திருமலைக்குப் போக வேண்டியவளைப் போலீஸ் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டானே என்று காலையிலிருந்து தனசேகரைச் சபித்துக்கொண்டிருந்தவள். இப்போது அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் நைனா, நல்ல காசுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரம் ஊடு போய்ச் சேந்திருப்பியே."

"வாயில வரமாட்டேங்குதும்மா."

சந்திரம்மா ஒரு முடிவுக்கு வந்தவளாகக் கழுத்துக் கயிற்றைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இதையும் பாத்துச் சொல்லு. மாமியா குடுத்தது. அவங்களுக்கு அவங்க மாமியா குடுத்தது. தங்கம்னு சொன்னாங்க, சொன்னவங்க யாரும் இப்ப இல்ல."

தனசேகர் காசைக் கயிற்றிலிருந்து உருவினார். பின்பக்கம் மூன்று வரி நாகரி எழுத்து. ஓரம் முழுக்கத் தேய்ந்திருந்தது. சாணக்குழித் தேய்மானம் அல்ல, கழுத்து கழுத்தாக உரசிய தேய்மானம். நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் ஆடியது. விதிப்படி இது போலி. தன் கண்ணை இனி நம்புவதற்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சார், என் தராசைக் குடுங்க. ஒரு டம்ளர்ல தண்ணி."

வேங்கடாசலம் தம் டீ டம்ளரைக் கழுவாமல் நீட்டினார். "எச்சி டம்ளர்ல சாமி காசா?" என்று சந்திரம்மா போட்ட சத்தத்தில் அவரே எழுந்து போய்ப் புது எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

தனசேகர் முதலில் காசை மட்டும் நிறுத்தார். மூன்று புள்ளி நாலு கிராம். பிறகு டம்ளரைத் தராசில் வைத்து, எண்ணைச் சைபராக்கி, நூலில் கட்டிய காசைத் தண்ணீருக்குள் தொங்கவிடத் தயாரானார்.

"இதுல பூஜ்யம் புள்ளி நாப்பது காட்டிச்சின்னா பித்தளை. இருபதுக்குக் கீழ காட்டிச்சின்னா தங்கம். கனமான பொருளு தண்ணிய கம்மியாத் தள்ளும், அவ்ளோதான்."

காற்றில் நூல் ஆடியதில் எண் முப்பதுக்கும் பத்துக்கும் நடுவே குதித்தது. "ஃபேனை நிறுத்துங்க சார்" என்றார். ஃபேனைப் பற்றி இரண்டாம் முறையாகக் கேள்விப்பட்ட வேங்கடாசலம் எழுந்து போய் நிறுத்தினார். எண் நின்றது. பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்பது.

மறுபடி செய்தார். ஒன்று ஒன்பது.

"தங்கம்தாம்மா இது" என்றார் தனசேகர். "வராகன். நானூறு வருசத்துக்கு மேல இருக்கும். நான் பாத்த மொத நல்ல காசு இதுதான்."

வேங்கடாசலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்திரம்மா மட்டும் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அடக் கடவுளே. பித்தளையா இருந்தா சாமிக்கு எப்டிப் போடறதுன்னு பயந்துக்கினு வந்தேன். தங்கமா இருந்தா எப்டி சார் போடறது?"

விஷயம் இதுதான். அவள் மகள் கௌசிகா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போய்க் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போடும்போது சந்திரம்மா ஏழுமலையானை வேண்டிக்கொண்டாள். இப்போது மகள் எழுந்து நடந்து மறுபடி ஸ்கூட்டரே ஓட்டுகிறாள். வேண்டுதலைத் தீர்க்க வேண்டும். வேண்டிக்கொண்டது ஒரு காசு. தமிழில் காசு என்றால் சில்லறை. தெலுங்கில் காசு என்றால் சவரன். அவள் பிறந்த வீடு தமிழ். புகுந்த வீட்டில் பாதி தெலுங்கு. நாத்தனார் சவரன்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வீட்டில் இருக்கும் ஒரே தங்கம், தங்கமாக இருக்கும் பட்சத்தில், இந்தக் காசு. அதை அழித்துக் கௌசிகாவுக்கு ஒரு செயின் பண்ணலாம் என்று நினைத்திருந்தாள்.

வேங்கடாசலத்துக்கு இது ஒழுங்கான விசாரணையாகப் பட்டது. நோட்டை எடுத்தார். "வேண்டி மொக்குகினது தெலுங்கிலயா, தமிழ்லயா? நிஜம் சொல்லம்மா."

"சாமிக்குத் தெலுங்குதானே தெரியும்னு தெலுங்கிலதான் ஆரம்பிச்சேன். அவசரத்துல முடிக்க வரல."

"அட்லனே சொல்லு. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

சந்திரம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ஏடுகொண்டலவாடா, நா கூதுரு காலு சேந்துச்சின்னா, நீக்கு ஒக காசு போடறேன்."

என் மகள் கால் கூடினால் உனக்கு ஒரு காசு என்பது பொருள். வேங்கடாசலம் எழுதிக்கொண்டார். எழுதியதைப் பேனாவால் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஒக, தெலுங்கு. போடறேன், தமிழ். நடுவுல இருக்கே இந்தக் காசு, இது எவரிது?"

கடைசியில் அவரே யோசனை சொன்னார். "தமிழ்னு வச்சிக்கோம்மா. பத்து ரூபா காசு ஒண்ணு போட்டுட்டுப் போ."

"அது செல்லாதாமே சார்."

"யாரும்மா சொன்னது? கவர்மென்ட் காசும்மா! தாராளமா செல்லும்!"

சந்திரம்மா சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாய்க் காசை எடுத்து நீட்டினாள். "அப்ப இத நீ வச்சிக்கினு நோட்டாக் குடு."

வேங்கடாசலம் மனுவை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

"நீயே சொல்லு நைனா" என்று சந்திரம்மா தனசேகர் பக்கம் திரும்பினாள். "போலீசுக்கே பொய் சொல்லாத ஆளு நீ. தமிழா, தெலுங்கா? தமிழ்னு நீ சொல்லிட்டா நான் சாமிக்குச் சில்லறை போட்டுட்டு, இந்தக் காச உனக்கே குடுத்துட்றேன். எவ்ளோன்னு நீயே பாத்துக் குடு. செயின் நான் கடையில வாங்கிக்கிறேன்."

காசு தனசேகரின் இடுக்கியில் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை. பத்தொன்பது வருஷம் தராசு தராசாக அலைந்து தேடியது, இரண்டு விரல் தூரத்தில், ஒரே ஒரு சொல்லின் விலையில். அந்தச் சொல்லும் பொய்யென்று நிரூபிக்க முடியாத சொல். பேசுகிறவள் தமிழ்ப் பெண், வினைச்சொல் தமிழ், இலக்கணம் தெரிந்த யாரும் தமிழ் என்றே சொல்வார்கள். அவர் வாய் 'த'வுக்குத் தயாராக நாக்கைப் பல்லில் வைத்தது. நெஞ்சு படபடத்தது.

அதே படபடப்பு. யானைக்கு ஐந்தாவது கால் முளைத்தபோது வந்தது. சாணி ராயர் காலத்துக்குப் போனபோது வந்தது.

"என்னைக் கேக்காதம்மா" என்றார்.

"ஏன்?"

"எனக்கு அது வேணும். எனக்கு வேணும்னு ஆயிட்டா நான் சொல்றது எதுவும் சரியா இருந்ததே இல்ல. எங்க ஊட்ல கேட்டுப் பாரு."

சந்திரம்மா அவரைப் பார்த்தாள். பிறகு காசைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒருவேளை அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

"இது தங்கம்தானே?"

"தங்கம்."

"காசுதானே?"

"காசுதான்."

"அப்ப என்னத்துக்குத் தகராறு? நாத்தனாருக்குத் தங்கமாச்சி, எனக்குக் காசாச்சி. ரெண்டு பாஷைக்கும் இதுவே போதும். இதையே போட்டுட்றேன்."

வேங்கடாசலத்துக்குச் சட்டச் சிக்கல் ஒன்று தெரிந்தது. "அதுகாதும்மா, தெலுங்கு காசுன்னா எட்டு கிராமு. இது மூணரைகூட இல்ல."

"அவளுக்கு ஒடைஞ்சது ஒரு காலுதானே சார்" என்றாள் சந்திரம்மா.

அதற்குப் பிறகு விசாரிக்க ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டருக்குக் காத்திராமல் வேங்கடாசலமே மனுவின் கீழே 'எதுவும் பறிபோகவில்லை' என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். காசை முடிந்து உண்டியலில் போடச் சந்திரம்மா ஒரு முழ மஞ்சள் துணி கொண்டுவந்திருந்தாள். அதை மேஜைமேல் விரித்தாள். காசை எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "நீயே முடிஞ்சி குடு நைனா" என்றாள்.

தனசேகர் வராகனைத் துணியின் நடுவில் வைத்து, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கி, அவள் கையில் கொடுத்தார்.